அடுப்பைப் பார்த்து எழுதின வரி

ஈடார் ஓடையில் தண்ணீர் ஏறின நாலாம் நாள், தியோபால்ட் கிளாய் சாணைக்கல்லுக்கு முன்னால் குப்புறப் படுத்திருந்தார்.

அந்தப் பள்ளத்தாக்கில் ஆண்பிள்ளை வேலை என்றால் அது படுத்துக்கொண்டு செய்கிற வேலைதான். வெளியூர்க்காரன் கேட்டால் சிரிப்பான். சிரித்தவனை ஒரு நாள் படுக்கச் சொன்னால் மறுநாள் எழுந்திருக்க மாட்டான். ஓடை மரச்சக்கரத்தைச் சுழற்றும்; மரச்சக்கரம் ஆளை விட உயரமான செம்பாறைச் சாணைகளைச் சுழற்றும். மார்பையும் வயிற்றையும் குழிந்த பலகையில் பொருத்தி, பின்னால் அடித்திருக்கிற கட்டையில் கால்களை உதைத்து, உடம்பில் உள்ளதையெல்லாம் கையிலிருக்கும் கல்லுக்குக் கொடுக்க வேண்டும். அகேட் என்கிற வரிக்கல் கெஞ்சினால் வழிக்கு வராது. அழுத்துகிற அழுத்தில் கல்லின் வயிற்றுக்குள் கனல் ஏறிச் சிவந்துவிடும். முதுகோ ஓடைத் தண்ணீர் சொட்டி நடுங்கும்.

தியோபால்டுக்கு ஐம்பத்திரண்டு வயது. பலகை அவர் மார்புக்கேற்பக் குழிந்ததா, மார்பு பலகைக்கேற்ப உருண்டதா என்று ஆலையில் முப்பத்தெட்டு வருஷமாகத் தீராத வழக்கு ஒன்று உண்டு. அவருடைய காது அதைவிட விசேஷம். பத்துப் பேர் படுத்துத் தேய்க்கிற இரைச்சலில், கடைசிச் சாணையில் இருப்பவன் கல்லில் விரிசல் விழுவதற்கு முன்பே அவருக்குக் கேட்டுவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவில் எழுந்து, முதல் வரிசையிலிருந்த மேயரின் மோதிரக் கல்லில் விரிசல் ஓடுவதாகச் சொன்னார். மேயர் கோபித்துக்கொண்டார். ஆமென் சொல்லிக் கை கூப்பும்போது கல் இரண்டாகக் கீழே விழுந்தது.

அன்று அவருக்குப் பக்கத்தில், அதே சாணையின் மறுபாதியில் படுத்திருந்தவன் அவர் மனைவியின் தம்பி ஆடம் புருசியுஸ்.

"மச்சான்! கேக்குதா?"

"கேக்குது. உன் கல்லு இடது பக்கம் சாயுது. அதையும் பாத்துக்க."

"கல்லு கிடக்கட்டும். உங்க சம்பந்தம் சாயுது, அதைப் பாருங்க. ஓபர்ஸ்டைன்லேருந்து சேதி வந்திருக்கு. சங்கிலிப் பட்டறை அம்மா வேணாம்னுட்டாங்களாம்."

"ஏனாம்? எம்பொண்ணுக்குக் கையில குறையா, காலுல குறையா?"

"மாசத்துல குறை."

"என்னடா உளர்றே?"

"பாதிரியார் பதிவேட்டுல பாத்தாங்களாம், ஒட்டீலி அக்டோபர்ல பொறந்தவளாம். அக்டோபருக்கு ஓபல் கல்லாம். ஓபல்காரி நுழையிற வீட்டுல அடுப்பு புகைஞ்சுக்கிட்டே இருக்குமாம். நான் சொல்லலை மச்சான், அட்டையில போட்டிருக்காம். அச்சடிச்சு!"

தியோபால்டின் கையிலிருந்து கல் நழுவியது. முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை. அது சாணையில் பட்டு எகிறி, ஜன்னல் வழியாக ஓடையில் போய் விழுந்தது. அதே சூட்டோடு விழுந்ததால், அந்த இடத்தில் மீன்கள் ஒரு வாரம் வேக்காட்டு வாடையோடு கிடைத்தன என்பார்கள்.

"அட்டையா?" என்று மட்டும் கேட்டார்.

அப்படிக் கேட்க அவருக்குக் காரணம் இருந்தது. அந்த வரியை எழுதினவர் அவர்தான்.

பதினோரு வருஷம் முன்னால் ஒரு வறண்ட ஆகஸ்டு. ஓடையில் வாத்து நீந்தத் தண்ணீர் இல்லாமல் நடந்து போனது. சாணைகள் நின்றன. அப்போது கல் வியாபாரி மெர்ட்டன்ஸ் வீடு தேடி வந்தார். கடல் தாண்டி வாங்குகிறவர்கள் இப்போதெல்லாம் பிறந்த மாதத்துக்கு ஒரு கல் என்று கேட்கிறார்களாம். கல்லோடு பெட்டியில் வைக்க ஒரு சின்ன அட்டை வேண்டும், பன்னிரண்டு மாதத்துக்கும் பலன் எழுதித் தா என்றார். பள்ளத்தாக்கிலேயே கோணாத கையெழுத்து தியோபால்டுடையது. கல்லைப் பற்றித் தெரியாது என்று சொல்லுகிற பழக்கம் அவர் வம்சத்தில் கிடையாது. சரி என்றார்.

அவர் தாத்தா சொல்லித் தெரிந்தது ஐந்து: ஜனவரிக்குச் செம்மணி, பிப்ரவரிக்கு அமெதிஸ்ட், ஏப்ரலுக்கு வைரம், ஜூலைக்கு மாணிக்கம், செப்டம்பருக்கு நீலம். பாக்கி ஏழுக்கும் தாத்தா எதுவும் விட்டுப்போகவில்லை. தியோபால்ட் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, ஒரே மத்தியானத்தில் ஏழையும் எழுதி முடித்தார்.

அன்று காலையில்தான் மெர்ட்டன்ஸ் கொடுத்த ஓபல் ஒன்றை வீட்டிலிருந்த சின்னக் கால்மிதிச் சாணையில் தேய்த்துப் பார்த்திருந்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் ஓபல் வர ஆரம்பித்த காலம் அது. அகேட்டை அழுத்திப் பழகின கட்டைவிரல், வந்த விருந்தாளியையும் அதே மாதிரி அழுத்தியது. ஓபல் நாலு துண்டாகிவிட்டது. அந்த எரிச்சலோடு உட்கார்ந்தவர் கண்ணில் அடுப்புப் புகை வேறு நுழைந்தது. அந்தக் கண்ணோடுதான் 'அக்டோபர், ஓபல்: இதற்குரிய பெண் புகும் வீட்டில் அடுப்பு ஓயாமல் புகையும்' என்று எழுதினார்.

தன் மகள் அக்டோபரில் பிறந்தவள் என்பது அப்போது ஏன் தோன்றவில்லை என்று கேட்கலாம். சாணைக்காரனுக்கு மாதம் கிடையாது, தண்ணீர்தான். தண்ணீர் நின்ற நாள், ஏறின நாள், உறைந்த நாள். ஒட்டீலி தண்ணீர் ஏறின மூன்றாம் நாள் பிறந்தவள். வருஷா வருஷம் தண்ணீர் ஏறின மூன்றாம் நாள் அவளுக்குப் பிறந்தநாள் பணியாரம் சுடுவார்கள். சில வருஷம் அது செப்டம்பரில் வந்தது, சில வருஷம் நவம்பரில். ஒரு வருஷம் தண்ணீர் ஏறி, இறங்கி, மறுபடி ஏறியதில் அவளுக்கு இரண்டு வயது கூடிவிட்டது. அடுத்த வருஷம் கழித்துக்கொண்டார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் அக்டோபர் இருபத்துநாலு என்று இருப்பது பாதிரியாருக்கும் ஒட்டீலியின் அம்மாவுக்கும் மட்டுமே அப்போது நினைவிருந்த சங்கதி.

அந்த அம்மா ஜூலியானா, சாயங்காலம் உருளைக்கிழங்கு உரித்தபடி எல்லாவற்றையும் கேட்டாள். கடைசிக் கிழங்கையும் உரித்துப் போட்டாள்.

"அன்னைக்கே சொன்னேன். தெரியாததைத் தெரியாதுன்னு எழுதுங்கன்னேன்."

"எழுதினா அட்டையில பாதி வெறுமையா இருக்கும்டி."

"இப்ப நம்ம பொண்ணு கல்யாணம் வெறுமையா இருக்கு. பரவாயில்லையா?"

ஆடம் வாசலில் நின்றபடியே யோசனை சொன்னான். அவன் எங்கேயும் உட்காராமல் நிற்பவன், இல்லாவிட்டால் ஏறுபவன். அவன் பிறந்தது டிசம்பர். அட்டையில் டிசம்பருக்கு வான்நீலக் கல், இதற்குரியவர் எந்த உயரத்திலிருந்தும் விழமாட்டார் என்று இருந்தது. அதை நம்பி, ஆலைக் கூரையில் பனி வழிப்பது, கோயில் கோபுரத்தில் காற்றுத்திசை காட்டுகிற தகரச் சேவலுக்கு எண்ணெய் போடுவது எல்லாம் அவன்தான் செய்வான். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட விழுந்ததில்லை.

"இதுல என்ன மச்சான் இருக்கு? இன்னும் ஒரு வாரம் தள்ளினா நவம்பர். புஷ்பராகம். நல்ல கல்லு. நம்ம ஒட்டீலிதான் பாதி வருஷம் நவம்பர்லதானே பணியாரம் தின்னா? நவம்பர்னே சொல்லிப்புடுவோம்."

உள்ளேயிருந்து ஒட்டீலி வந்தாள். மெருகு போடுகிற வேலை அவளுக்கு. விரல் நுனியெல்லாம் செம்பொடி. இருபத்தோரு வயதில் அப்பாவின் தாடையும் அம்மாவின் பார்வையுமாக நின்றாள்.

"மாமா, நான் நவம்பர் இல்ல. அக்டோபர் இருபத்துநாலு. அடுப்பு புகைஞ்சா புகையட்டும். மாசத்தை மாத்திக்கிட்டு ஒரு வீட்டுக்குள்ள நுழைஞ்சா, அப்புறம் நாளைக்கு எதை மாத்தச் சொல்வாங்களோ."

"அப்போ சங்கிலிப் பட்டறைக் கொன்ராடு வேணாமா உனக்கு?"

ஒட்டீலியின் காது சிவந்தது. "வேணும்" என்றாள். "அக்டோபராவே வேணும்."

தியோபால்டுக்கு உள்ளே எங்கேயோ வலித்தது. அந்த வலியோடேயே, பொண்ணு எப்படி நிக்குது பாரு என்று ஒரு கர்வமும் வந்தது. இரண்டையும் மறைக்க மூக்கைச் சிந்தினார்.

"ஞாயித்துக்கிழமை அந்தம்மாவைச் சாப்பிடக் கூப்பிடுங்க. கறி நான் சுடறேன். விஷயத்தை நானே சொல்லிக்கறேன்."

"என்னன்னு சொல்லுவீங்க?" என்றாள் ஜூலியானா.

"உள்ளதை."

"முப்பது வருஷத்துல முதல் தடவை" என்று ஜூலியானா கிழங்குத் தோலை வாரினாள்.

சங்கிலிப் பட்டறை வில்ஹெல்மீனா அம்மாள் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்த கையோடு வந்தாள். ஓபர்ஸ்டைன் சங்கிலி ஊர். ஈடார் கல் ஊர். இரண்டுக்கும் நடுவில் அரை மணி நடை. ஆனால் ஒரு ஊர்க்காரன் மற்ற ஊர்க்காரனைப் பேசுகிறபோது நடுவில் ஒரு சமுத்திரம் இருப்பது போலத்தான் பேசுவான். கல்லைப் பிடித்துக்கொள்ள எங்கள் உலோகம் இல்லாவிட்டால் உங்கள் கல் கூழாங்கல் என்பார்கள் அவர்கள். எங்கள் கல் இல்லாவிட்டால் உங்கள் சங்கிலி நாய்க்குத்தான் ஆகும் என்பார்கள் இவர்கள். அந்த அம்மாள் பத்து வருஷமாக விதவை. பதினாலு தொழிலாளிகள் வைத்துப் பட்டறை நடத்துகிறவள். பாட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி, மகன் கொன்ராடு பின்னால் வர, நிமிர்ந்து நடந்து வந்தாள்.

தோட்டத்தில் பீச் மரத்து விறகு கனன்றது. நெருப்பின் மேல் நிறுத்தின உயரமான முக்காலியிலிருந்து சங்கிலியில் தொங்கின இரும்புத் தட்டில், உப்பிலும் மிளகிலும் வெங்காயத்திலும் ஒரு நாள் முழுக்க ஊறின இறைச்சித் துண்டுகள். கறி தீயாமல் தட்டை ஆட்டிவிடுவது வீட்டு ஆண்பிள்ளையின் உரிமை. தியோபால்ட் யார் கையையும் அதில் படவிட மாட்டார்.

வில்ஹெல்மீனா அம்மாள் சங்கிலியை ஏறிட்டுப் பார்த்தாள்.

"எங்க பட்டறைச் சங்கிலி."

"ஆமா. பதினஞ்சு வருஷமாச்சு. இன்னும் அறுந்து விழலை. நானும் தினமும் எதிர்பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எதிர்பாருங்க. உங்க பேரன் காலத்துலயும் அறாது."

"பேரன் வேணும்னா கல்யாணம் நடக்கணுமே சம்பந்தியம்மா."

"நான் இன்னும் சம்பந்தி ஆகலை. சாப்பிடக் கூப்பிட்டீங்க, வந்தேன்."

சாப்பாட்டு மேஜைக்கு முதல் ஈடு கறியும் முள்ளங்கிப் பச்சடியும் ரொட்டியும் வந்தன. ஒட்டீலி பரிமாற வந்தபோதுதான் அந்த அம்மாள் அதைப் பார்த்தாள். ஒட்டீலியின் கழுத்துப்பட்டையில் ஒரு சின்ன ஓபல். நாலு துண்டானதில் பெரிய துண்டு. பதினோரு வருஷம் தகரப் பெட்டியில் கிடந்ததை ஒட்டீலி அழுத்தாமல், ஈரக் கம்பளியில் மூன்று வாரம் மெருகிட்டிருந்தாள். அவள் மூச்சு விட்டால் கல்லுக்குள் பச்சையும் சிவப்பும் புரண்டு படுத்தன. தியோபால்டே அதை இப்போதுதான் பார்த்தார். கையிலிருந்த முள்கரண்டி நின்றது. தன்னால் முடியாத ஒரு வேலை தன் வீட்டிலேயே நடந்திருக்கிறது!

வில்ஹெல்மீனா அம்மாள் கல்லைப் பார்க்கவில்லை. கல்லைப் பிடித்திருந்த நாலு வெள்ளி நகத்தைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். கொன்ராடு ரொட்டியை ரொம்பக் கவனமாக மென்றான்.

"நல்ல வேலை" என்றாள் அம்மாள், யாருக்கென்று சொல்லாமல். "நல்ல பொண்ணும்தான். நான் குறை சொல்லலை. ஆனா எழுதியிருக்கே." பாட்டுப் புத்தகத்திலிருந்து மஞ்சளேறின அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள்.

தியோபால்ட் கத்தியைக் கீழே வைத்தார்.

"அதை எழுதினவன் நான்தாம்மா."

"எதை?"

"அட்டையை. இதே மேஜையில."

"கீழ என்ன போட்டிருக்குன்னு படிங்க. 'கீழைநாட்டு ஞானியரின் பழஞ்சுவடிகளிலிருந்து.'"

"அது மெர்ட்டன்ஸ் சேத்துக்கிட்டது. ஞானி நான்தான்."

ஆடம் சிரித்துவிட்டு, யாரும் சிரிக்காததால் இருமினான்.

"பொண்ணுக்காக இப்படியெல்லாம் சொல்றீங்க. எனக்குப் புரியுது" என்றாள் அம்மாள்.

"அட்டையைப் பாத்துக்கிட்டே வாங்க. மே மாசம், மரகதம், தொலைஞ்ச பொருள் திரும்பும். சரியா? அன்னைக்கு என் மூக்குக்கண்ணாடி மாவு டப்பாவுல கிடைச்சுது. ஜூன், அகேட், ஆழ்ந்த உறக்கம் தரும். எங்க நாய் என் கால்மேல படுத்துக் குறட்டை விட்டுச்சு. ஆகஸ்டு, பச்சைப் பளிங்கு, அயலார் பொறாமை அண்டாது. பக்கத்து வீட்டுக்காரன் அன்னைக்கு ஊர்ல இல்ல. நவம்பர், புஷ்பராகம், பழைய நண்பர் வருவார். அஞ்சல்காரன் கதவைத் தட்டினான். அப்புறம்..." அவர் ஆடமைப் பார்த்தார். ஆடம் எலும்பைக் கடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவ்வளவுதான்" என்று முடித்துக்கொண்டார். "அக்டோபருக்கு எதுவும் தோணலை. அந்த அடுப்பு புகைஞ்சுது. எழுதிட்டேன்."

வில்ஹெல்மீனா அம்மாள் அட்டையை வரி வரியாகப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது கோபத்திலா வேறெதிலா என்று யாருக்கும் விளங்கவில்லை.

"அப்போ மார்ச்சு?" என்றாள். இதுவரை பேசின குரல் இல்லை அது.

அட்டையின் மூன்றாம் வரியில் விரலை வைத்தாள்.

"நான் மார்ச்சுல பொறந்தவ. ரத்தக்கல். 'இதற்குரியவர் தனியே நின்றாலும் சாயமாட்டார்.' இந்த அட்டை வந்த மறுவருஷம் அவர் போயிட்டார். பட்டறையை மூடுன்னு எங்க அண்ணன் சொன்னான், மச்சினன் சொன்னான், பாதிரியாரும் சொன்னார். ஒவ்வொரு நாளும் காலையில இந்த வரியைப் படிச்சுட்டுத்தான் கதவைத் திறந்தேன். பத்து வருஷம். அதுவும் நாய் குறட்டை விட்டதைப் பாத்து எழுதினதுதானா? சொல்லுங்க."

சாணையில் அழுத்தினால் கல்லுக்குத்தான் கனல் ஏறும்; இங்கே தியோபால்டுக்கு ஏறியது. ஆமாம் என்றால் மகளுக்கு வழி பிறக்கும், ஆனால் ஒரு பெண்பிள்ளை பத்து வருஷம் பிடித்து நின்ற தூணை உருவின பாவம் வரும். இல்லை என்றால் அடுப்பும் நிஜமாகிவிடும். நல்லவேளையாக, அவருக்கு நடந்தது நினைவு வந்தது.

"அது அப்படி இல்லம்மா. அது இவளைப் பாத்து எழுதினது" என்று ஜூலியானாவைக் காட்டினார். "அன்னைக்கு அந்தத் தட்டு அலமாரி சுவத்துலேருந்து கழண்டுக்கிச்சு. இவ போய்த் தோளைக் குடுத்து நின்னா. ஏங்க, வாங்கன்னா. நான் பிப்ரவரியில இருந்தேன். ஒரு நிமிஷம்னேன்."

"ஒன்றரை மணி நேரம்" என்றாள் ஜூலியானா.

"ஒன்றரை மணி நேரம். அலமாரி நிறையப் பீங்கான். அவ அம்மா வீட்டுச் சீர். மார்ச்சுக்கு என்ன எழுதலாம்னு தலையை நிமித்தினேன். இவ நின்னுக்கிட்டிருந்தா. பாத்ததை எழுதினேன்."

"ஒரு தட்டுகூட உடையலை" என்றாள் ஜூலியானா. தன்னைப் பார்த்து எழுதினார் என்பது அவளுக்கே அன்றுதான் தெரியும். எழுந்து போய், தேவையில்லாமல் அலமாரியை ஒரு தரம் துடைத்தாள்.

வில்ஹெல்மீனா அம்மாள் அந்த முதுகை நெடுநேரம் பார்த்தாள். பிறகு தன் தோளை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுலயும் எதுவும் உடையலை" என்றாள்.

அப்போது கொன்ராடு வாயைத் திறந்தான். அன்று முழுக்க அவன் பேசின ஒரே பேச்சு அது.

"அம்மா, நம்ம வீட்டு அடுப்புதான் எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேருந்து புகையுதே."

"அது மேக்குக் காத்துடா."

"இங்கயும் அன்னைக்கு மேக்குக் காத்துதான்" என்றார் தியோபால்ட்.

முதலில் சிரித்தது அம்மாள்தான். சிரித்துப் பழக்கம் விட்டுப்போன ஆள் போல, சங்கிலியைக் கண்ணி கண்ணியாக இழுப்பது மாதிரிச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அட்டையைத் திருப்பி வெறும் பக்கத்தைத் தியோபால்டின் முன்னால் தள்ளினாள்.

"எழுதுங்க."

"என்னத்தை?"

"அக்டோபரை. இந்தத் தடவை அடுப்பைப் பாத்து எழுதாதீங்க. நான் இதைப் புஸ்தகத்துல வெச்சுக்கணும்."

ஜூலியானா பேனாவும் மைக்கூடும் கொண்டுவந்தாள். தியோபால்ட் நெடுநேரம் எழுதவில்லை. தோட்டத்தில் அடுத்த ஈடு கறி தீயப் போகிறது என்று ஒட்டீலி எழுந்து ஓடினாள். யாரும் தொடக் கூடாத இரும்புத் தட்டை அவளே பிடித்து ஆட்டிவிட்டாள். புகை முகத்தில் அடித்தும் கண்ணை மூடவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்த அவர் அதட்ட வாயெடுத்து, அதட்டாமல் விட்டார். அவளுக்குப் பின்னால் வேலி, வேலிக்குப் பின்னால் ஓடை. கோடை முழுக்க எலும்பு தெரியக் கிடந்த ஓடை இரு கரையையும் தொட்டுக்கொண்டு போனது.

அவர் எழுதினார். கையெழுத்து கோணவில்லை. வில்ஹெல்மீனா அம்மாள் வாங்கி உரக்கப் படித்தாள்.

"'அக்டோபர், ஓபல். தண்ணீர் ஏறும் மாதம். இதற்குரியவள் புகும் வீட்டில் நின்ற சக்கரம் சுற்றும்.'"

அவள் மை உலர ஊதினாள். "இது எந்தச் சுவடி?"

"அந்தா ஓடுது பாருங்க. எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் அதைத்தான் படிச்சாங்க."

"ஓடை உறையறதுக்குள்ள கல்யாணத்தை வெச்சுடுங்க சம்பந்தி" என்று அவள் அட்டையைப் பாட்டுப் புத்தகத்தில் வைத்தாள், இரண்டு பக்கமும் எழுத்தோடு. "அப்புறம் ஒண்ணு. பொண்ணு அந்த ஓபலைப் போட்டுக்கிட்டுத்தான் கோயிலுக்கு வரணும். பிடிச்சிருக்கிற வெள்ளி எங்க வீட்டுது. நாலு பேர் பாக்கட்டும்."

"கல்லு எங்க வீட்டுது. அதையும் பாக்கட்டும்" என்றார் தியோபால்ட்.

மறுநாள் காலை ஓடை இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தது. பத்து பேரும் படுத்தார்கள். தியோபால்டின் கையில் அகேட் கல் சிவந்து கனிந்து வந்தது. பக்கத்தில் ஆடம் வெகுநேரமாகத் தேய்க்காமல் படுத்திருந்தான்.

"மச்சான்!"

"ம்."

"மத்தியானம் ஆலைக் கூரையில ஓடு மாத்த ஏறணும்."

"ஏறு."

"ஏறுறேன். நேத்து நவம்பர் வரைக்கும் சொன்னீங்க. டிசம்பர் சொல்லலை. அது தாத்தா சொன்னதா, இல்ல அதுவும் எதையாவது பாத்து எழுதினதா?"

சாணை சுற்றியது. தண்ணீர் கொட்டியது.

"மச்சான், டிசம்பரு! கேக்குதா?"

கடைசிச் சாணையில் விழப்போகிற விரிசலைக் கேட்கிற காது அது. பிரசங்கத்தின் நடுவில் மேயரின் மோதிரத்தைக் கேட்ட காது.

"தண்ணி சத்தத்துல ஒண்ணும் கேக்கலைடா" என்றார் தியோபால்ட், கல்லை அழுத்தியபடி. "எது எப்படியோ, ஏணியை நல்லா ஊனிக்கிட்டு ஏறு."